பழைய நகராட்சிக் கட்டடமும் பூங்காவும் ஒரே ஒப்பந்தத்தில்: முழுப் பொறுப்புச் சேவை ஒரு மதிப்புரை

ஐம்பது அறுபது ஆண்டுப் பழைய நகராட்சிக் கட்டடம். அதை ஒட்டிக் களையிழந்து கிடக்கும் பொதுப் பூங்கா. இரண்டையும் சேர்த்து ஒரே நிறுவனத்திடம் கொடுத்துவிட்டால், வரைபடம் போடுவது, பழையதை இடிப்பது, புதியதைக் கட்டுவது, மரம் நடுவது, கடைசியில் சாவி கொடுப்பது வரை எல்லாம் அவர்கள் பொறுப்பு. இந்த முழுப் பொறுப்புச் சேவையைத்தான் இங்கே எடை போடுகிறோம். தனி நிறுவனம் எதையும் பற்றியதல்ல இது. இந்த வகைச் சேவை எதில் கைகொடுக்கிறது, எதில் கைவிடுகிறது, வாங்கும் ஊர் எதையெல்லாம் எழுதி வாங்க வேண்டும் என்பதுதான் பேச்சு.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். கட்டடப் பாதியை இந்தச் சேவை நன்றாகவே செய்கிறது. பூங்காப் பாதியில் சறுக்குகிறது. காரணம் திறமைக் குறைவு அல்ல, வேலையின் வரிசை. கட்டடம் முடிந்த பிறகு மிஞ்சிய நாட்களிலும் மிஞ்சிய பணத்திலும் பூங்கா போடப்படுகிறது. அதற்குள் அங்கிருந்த மண் லாரிச் சக்கரங்களின் கீழ் இறுகிப்போயிருக்கும். நிலமட்டம், மழைநீர், மண் மூன்றையும் கட்டடத்துக்கும் பூங்காவுக்கும் பொதுவான ஒரே வரைபடத்தில், அஸ்திவாரம் தோண்டுவதற்கு முன்பே தீர்மானிக்க வைக்க முடியுமானால் இந்தச் சேவையை வாங்கலாம். அது முடியாதென்றால் இரண்டு தனி ஒப்பந்தங்களே மேல்.

இடிக்கத்தான் வேண்டுமா?

இந்தக் கேள்வியைச் சேவை தரும் நிறுவனத்திடமே கேட்கக் கூடாது. கட்டிச் சம்பாதிப்பவர் பழையதே போதும் என்று எதற்குச் சொல்லப்போகிறார்? அடுத்து வரும் கட்டட வேலையில் பங்கெடுக்க மாட்டேன் என்று எழுதிக் கொடுக்கும் கட்டமைப்புப் பொறியாளர் ஒருவரிடம் சோதனையைத் தனியாக ஒப்படைக்க வேண்டும்.

அவர் தூண், உத்திரம், தளம் மூன்றிலிருந்தும் உருளைத் துண்டுகளை வெட்டியெடுத்து அழுத்த வலிமையைப் பார்ப்பார். புதிதாக உடைத்த கான்கிரீட் பரப்பில் பினால்ஃப்தலீன் கரைசலைத் தெளிப்பார். நிறம் அடர் இளஞ்சிவப்பானால் கான்கிரீட்டின் காரத்தன்மை போகவில்லை, உள்ளிருக்கும் கம்பிக்குக் காப்பு இருக்கிறது என்று பொருள். நிறம் மாறாத பகுதி எவ்வளவு ஆழம் போயிருக்கிறது, கம்பி எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்று இரண்டையும் ஒப்பிட வேண்டும். முதலாவது இரண்டாவதைத் தொட்டுவிட்டால், ஈரம் பட்ட இடத்திலெல்லாம் கம்பி துருப்பிடிக்கும். துரு, தான் தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடம் பிடிப்பதால் மேலே இருக்கும் கான்கிரீட்டைப் பிளந்து தள்ளும்.

பூச்சு உதிர்ந்து கம்பி தெரிந்தவுடன் கட்டடமே போச்சு என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். கழிப்பறைக்குக் கீழும் மொட்டைமாடி ஓரத்திலும் மட்டும் உதிர்ந்திருந்தால் அது கசிவின் வேலை. கசிவை நிறுத்தி அந்த இடங்களைச் சீர்செய்தால் போதும். ஆனால் கான்கிரீட் முழுவதிலும் கம்பியை அரிக்கும் குளோரைடு உப்பு கலந்திருந்தால் கதை வேறு. கழுவாத கடல் மணலாலோ, சீக்கிரம் இறுக வேண்டும் என்று அந்தக் காலத்தில் சேர்த்த கால்சியம் குளோரைடாலோ இப்படி ஆகும். ஓரிடத்தில் ஒட்டுப்போட்டால் அதன் பக்கத்திலேயே துரு கிளம்பும். அப்படிப்பட்ட கட்டடத்தை இடிப்பதே முறை.

இடிப்பதற்கு இன்னொரு நியாயமான காரணம், அதிகம் பேசப்படாதது: தளத்துக்குத் தளம் உள்ள உயரம். அது 3 மீட்டருக்கும் குறைவாக இருந்தால் காற்றுக் குழாய், தீயணைப்புத் தெளிப்பான், கேபிள் தட்டு எல்லாவற்றையும் மேற்கூரைக்குக் கீழ் நுழைத்த பிறகு மனிதர் நிமிர்ந்து நிற்கும் இடமே குறுகிவிடும். வலிமைக் குறைவைச் சரிசெய்ய வழி உண்டு. உயரக் குறைவுக்கு வழி இல்லை.

தக்கவைத்த ஊர்களிடம் கற்க நிறைய இருக்கிறது. அமெரிக்காவின் சால்ட் லேக் சிட்டி, 1894-ஆம் ஆண்டுக் கட்டடமான தன் நகர மாளிகையை இடிக்காமல், 1980-களின் பிற்பகுதியில் அதன் அடியில் ரப்பர்த் தாங்கிகளைப் பொருத்தி நிலநடுக்கத்திலிருந்து பிரித்து வைத்தது. 1989 நிலநடுக்கத்தில் அடிபட்ட நகர மண்டபத்தை சான் ஃபிரான்சிஸ்கோவும் அதே முறையில் காப்பாற்றியது. மைக்கேல் கிரேவ்ஸ் வடிவமைத்து 1982-இல் திறக்கப்பட்ட போர்ட்லாந்து மாநகராட்சி அலுவலகத்தில் தண்ணீர்க் கசிவும் சிறிய சன்னல்களும் ஓயாத தொல்லை. அதன் எலும்புக்கூட்டை வைத்துக்கொண்டு வெளியுறையைப் புதிதாகப் போர்த்தி 2020-இல் மீண்டும் திறந்தார்கள். அசல் தோற்றத்தை மறைத்துவிட்டார்கள் என்று பாரம்பரிய ஆர்வலர்கள் எதிர்த்ததும் உண்மை. ஆனாலும் உள்ளே வேலை செய்பவர் பக்கம் நின்று பார்த்தால் அது சரியான முடிவு. இருப்பதை இடிக்காமல் விரித்துக் கட்டுவதையே தம் வழியாகக் கொண்ட பிரெஞ்சுக் கட்டடக் கலைஞர்கள் லாகாத்தோன், வாசால் இணையருக்கு 2021-இல் கட்டடக் கலையின் உயர்ந்த விருதான பிரிட்ஸ்கர் பரிசு கிடைத்த பிறகு, இந்த வழியைக் கேட்டுப்பார்க்காமல் இடிப்பு ஆணையில் கையெழுத்திடும் மன்றத்துக்குச் சாக்கு ஏதும் இல்லை.

இடிப்பதென்று முடிவானால், அதற்கு முன் ஆஸ்பெஸ்டாஸ் கணக்கெடுப்பு கட்டாயம். கூரைத் தகட்டை எல்லாரும் பார்க்கிறார்கள். குழாய்களைச் சுற்றிய காப்புப் பட்டை, பழைய வினைல் தரை ஓடு, அதன் அடியில் உள்ள கறுப்புப் பசை, மின்பலகைக்குப் பின்னால் உள்ள அட்டை ஆகியவற்றைத் தவறவிடுகிறார்கள். பாதி இடித்த பிறகு இது வெளிப்பட்டால் வேலை முழுவதும் நிற்கும். நின்ற நாட்களுக்கான தொகை ஊரின் தலையில் விழும். பழைய மின்மாற்றி எண்ணெய், ஈய வண்ணப்பூச்சு, புதைந்த எரிபொருள் தொட்டி மூன்றையும் அதே கணக்கெடுப்பில் சேர்த்துவிட வேண்டும்.

இடத்தை மாற்றிப் போடும் உத்தி

இந்தச் சேவையை விற்பவர்கள் முதலில் காட்டும் சீட்டு இது: பூங்காவின் ஒரு பகுதியில் புதிய கட்டடத்தைக் கட்டுவோம், அலுவலகம் நேரடியாக அங்கே குடியேறட்டும், பிறகு பழையதை இடித்து அந்த இடத்தைப் பூங்காவாக்குவோம். தற்காலிக அலுவலகம் தேவையில்லை, ஒரே ஒரு குடிபெயர்வு.

அலுவலகப் பக்கத்திலிருந்து பார்த்தால் இது மிக நல்ல உத்தி. பதிவேடுகள் இரண்டு முறை இடம் மாறினால் இரண்டு முறை தொலையும் வாய்ப்பு. சேவையகம், தொலைபேசி இணைப்பு, பணம் கட்டும் சாளரம் எல்லாவற்றையும் ஒரு முறை மாற்றுவதே பாடு. ஆனால் பூங்காப் பக்கத்திலிருந்து பார்த்தால் இதற்கு இரண்டு விலை உண்டு: வளர்ந்த மரங்கள் போகும், வரப்போகும் பூங்கா இடிபாட்டின் மேல் அமையும். இரண்டாவதைப் பற்றி விற்பவர் வாய் திறப்பதில்லை.

பழைய கட்டடத்துக்கு அடித்தளம், அதாவது நிலமட்டத்துக்குக் கீழே ஒரு மாடி, இருந்தால் பிரச்சினை அங்கேதான் தொடங்குகிறது. சுவரை நிலமட்டத்துக்குக் கீழ் ஒரு மீட்டர் வரை உடைத்துவிட்டு, அடித்தளத் தரையை அப்படியே விட்டு, உள்ளே இடிபாட்டைக் கொட்டி மூடிவிடுவார்கள். அது மண்ணுக்குள் புதைந்த தொட்டியாகிவிடும். மழைநீர் இறங்க வழியின்றி உள்ளே தேங்கும், மேலே புல் அழுகும், இரண்டு மூன்று மழைக்காலங்களில் தரை சமமின்றித் தாழும். ஒப்பந்தத்தில் எழுத வேண்டியது: அடித்தளத் தரையை முழுவதும் பெயர்த்தெடுக்க வேண்டும், முடியாவிட்டால் சில மீட்டர் இடைவெளியில் துளையிட்டு உடைத்துத் தண்ணீர் கீழே இறங்குவதைச் சோதித்துக் காட்ட வேண்டும். நிரப்பும் மண்ணை 20 முதல் 30 செ.மீ. அடுக்குகளாகப் போட்டு ஒவ்வொன்றையும் இறுக்க வேண்டும். ஆனால் மரம் நடும் இடங்களில் மேல் ஒரு மீட்டரை இறுக்கவே கூடாது. கீழே இறுக்கம், மேலே தளர்வு என்ற இந்த வேறுபாட்டை வரைபடத்தில் நிறம் பிரித்துக் காட்டாவிட்டால், உருளை ஓட்டுபவர் எல்லாவற்றையும் ஒரே மாதிரி அமுக்கிவிட்டுப் போவார். அவரைக் குறை சொல்வதற்கில்லை. வரைபடம் அவரிடம் வேறு எதையும் சொல்லவில்லை.

உடைந்த கான்கிரீட்டை வெளியே அனுப்பாமல் அரைத்துப் பயன்படுத்துவது நல்ல வழக்கம். நடைபாதைக்கும் வாகன நிறுத்தத்துக்கும் அடிப்பரப்பாக அது அருமையானது. செடிப் பாத்திக்கு மட்டும் போகக் கூடாது. அதிலிருந்து கசியும் சுண்ணாம்பு மண்ணின் காரத்தன்மையை, அதாவது பி.எச். அளவை, 8-க்கு மேல் ஏற்றிவிடும். மண்ணில் இரும்புச்சத்து இருந்தும் வேரால் எடுக்க முடியாது. இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும். உரம் போட்டுப் பார்ப்பார்கள், தண்ணீர் ஊற்றிப் பார்ப்பார்கள், பலன் இருக்காது. சாந்தும் பூச்சுத் தூளும் கலந்த மண்ணைப் பாத்திப் பகுதியில் குறைந்தது 60 செ.மீ. ஆழத்துக்கு அகற்றிவிட்டு நல்ல மண் போடுவதுதான் தீர்வு. அதற்கான கன மீட்டரை விலைப்பட்டியலில் தனி வரியாகக் கேளுங்கள். தனி வரி இல்லாத எதுவும் நடக்காது.

தோண்டியதையும் உடைத்ததையும் அந்த இடத்திலேயே அழகாகப் பயன்படுத்தியவர்கள் உண்டு. பின்லாந்தின் சைனட்சாலோ என்ற சின்னஞ்சிறு ஊருக்கு ஆல்வார் ஆல்தோ வடிவமைத்து 1952-இல் முடிந்த நகர மன்றத்தில், அஸ்திவாரத்துக்குத் தோண்டிய மண்ணை நடுவில் நிரப்பித்தான் முற்றத்தை ஒரு மாடி உயர்த்தினார்கள். சிங்கப்பூரின் பீஷான் - ஆங் மோ கியோ பூங்காவில் உடைத்த கான்கிரீட் கால்வாய்ப் பலகைகளை ஒரு குன்றாகக் குவித்து வைத்திருக்கிறார்கள்.

பெரிய மரங்கள் பூங்காவின் நடுவிலோ, கட்டடம் வரப்போகும் பக்கத்திலோ இருந்தால் இடமாற்று உத்தியைக் கைவிட்டுத் தற்காலிக அலுவலகத்தையே தேர்ந்தெடுங்கள். தற்காலிக அலுவலகத்தின் செலவு தாளில் தெரியும். ஐம்பது ஆண்டு மரத்தின் இழப்பு எந்தத் தாளிலும் தெரியாது. அதனாலேயே கூட்டத்தில் மரம் எப்போதும் தோற்கிறது.

மரமும் மண்ணும்

சேவையின் பலவீனம் முழுவதும் இங்கே குவிந்திருப்பதால் கொஞ்சம் நின்று பார்ப்போம்.

தக்கவைக்கும் மரத்தைச் சுற்றி வேலி போடுகிறார்கள். ஆனால் கிளையின் நிழல் விழும் எல்லைக்குள்ளேயே, பல நேரம் அடிமரத்தை ஒட்டியே போடுகிறார்கள். நடைமுறையில் உள்ள அளவுகோல் எளிது: மார்பளவு உயரத்தில் அடிமரத்தின் விட்டத்தை அளந்து 12-ஆல் பெருக்கினால் பாதுகாப்பு வட்டத்தின் ஆரம் கிடைக்கும். விட்டம் 60 செ.மீ. என்றால் எல்லாப் பக்கமும் 7.2 மீட்டர். அந்த வட்டத்துக்குள் லாரி நிற்கக் கூடாது, செங்கல் அடுக்கக் கூடாது, சிமென்ட் கலவை கழுவிய தண்ணீரை ஊற்றக் கூடாது, குழாய்ப் பள்ளம் தோண்டக் கூடாது. மண்ணைக் கூட்டவும் கூடாது. வேர்களில் பெரும்பகுதி மேல் அரை மீட்டர் சொச்சத்தில்தான் இருக்கிறது. அதன் மேல் ஒரு சாண் களிமண்ணைக் கொட்டி மட்டம் செய்தாலே மூச்சு முட்டும். வேலி இரும்புக் குழாயும் வலையுமாக இருக்க வேண்டும். பட்டை நாடா கட்டினால் அது முதல் வாரத்திலேயே காணாமல் போகும்.

வேர் அடிபட்ட மரம் உடனே சாவதில்லை. இரண்டு, மூன்று, சில நேரம் ஐந்து ஆண்டு கழித்து உச்சிக் கிளையிலிருந்து காயத் தொடங்கும். வெளிப்படும் குறைகளை ஒப்பந்தக்காரர் தன் செலவில் சரிசெய்ய வேண்டிய ஓராண்டுக் குறைநீக்கக் காலம் அதற்குள் முடிந்திருக்கும். ஆகவே மரப் பாதுகாப்புக்கான வைப்புத்தொகையைத் தனியாகப் பிரித்து, வேலை முடிந்து மூன்று ஆண்டு கழித்தே விடுவிக்க வேண்டும். வேலை தொடங்கும் முன் ஒவ்வொரு மரத்துக்கும் எண் கொடுத்துப் படமெடுத்து, அது இறந்தால் என்ன தொகை என்று முன்கூட்டியே எழுதிவிட வேண்டும்.

மரம் இல்லாத இடத்தின் மண்ணுக்கு யாரும் வேலி போடுவதில்லை. கனரக வண்டி சில முறை போனாலே களிமண் இறுகிவிடும். அதுவும் ஈரமாக இருக்கும்போது போனால் இன்னும் மோசம். களிமண்ணின் அடர்த்தி ஒரு கன சென்டிமீட்டருக்கு 1.5 கிராமை நெருங்கும்போதே வேர் உள்ளே போகத் திணறும். மணற்பாங்கான மண் 1.7 வரை தாங்கும். இறுகிய மண்ணின் மேல் பத்து செ.மீ. வண்டல் பரப்பிப் புல் விரித்தால் திறப்பு விழா அன்று பச்சைப் பசேல் என்றிருக்கும். அடுத்த கோடையில் திட்டுத் திட்டாகக் காயும்.

இதற்கு மூன்று நிபந்தனைகள் போதும். வண்டிப் பாதையையும் பொருள் குவிக்கும் இடத்தையும், பின்னால் நடைபாதையோ வாகன நிறுத்தமோ வரப்போகும் இடத்தின் மேலேயே அமைக்க வேண்டும். மேல்மண்ணை முதலிலேயே வழித்தெடுத்து 2 மீட்டருக்கு மேல் உயராத குவியல்களாக வைக்க வேண்டும். அதற்கு மேல் உயர்ந்தால் அடியில் காற்றில்லாமல் மண்ணுயிர்கள் சாகும். திரும்பப் பரப்புமுன், மண் உலர்ந்திருக்கும்போது 45 முதல் 60 செ.மீ. ஆழம் கலப்பைக் கொக்கியால் கிழிக்க வேண்டும். ஈரத்தில் கிழித்தால் பக்கவாட்டில் வழவழவென்று மெழுகியதுபோல் ஆகித் தண்ணீர் இறங்காது.

புதுக் கன்று நடும்போது பெரும்பாலும் நடக்கும் தவறு ஆழம். குழி, வேர்ப்பந்தைப் போல இரண்டு மூன்று மடங்கு அகலமாக இருக்கலாம். ஆழம் பந்தின் உயரத்தைத் தாண்டக் கூடாது. அடிமரம் விரிந்து வேராகும் இடம் மண்ணுக்கு மேலே கண்ணுக்குத் தெரிய வேண்டும். மண்ணின் மேல் பரப்பும் சருகு மூடாக்கு 5 முதல் 10 செ.மீ. போதும், அடிமரத்தைத் தொடாமல். நடைபாதையின் நடுவே நடும் நிழல் மரத்துக்குக் குறைந்தது 15 கன மீட்டர் தளர்ந்த மண் வேண்டும். படத்தில் தழைத்து நிற்கும் மரங்களுக்குக் கீழே ஒன்றேகால் மீட்டர்ச் சதுரக் குழி மட்டும் வரைந்திருந்தால் அந்த நிழல் ஒருநாளும் வராது.

கூரையின் தண்ணீர் பூங்காவுக்கு

கட்டடத்தையும் பூங்காவையும் ஒரே கையில் கொடுப்பதற்கு உண்மையான பலன் கிடைக்கும் இடம் இது. தனித்தனி ஒப்பந்தத்தில் கூரைத் தண்ணீர் நேரே வடிகாலுக்குப் போகும். பூங்காவுக்குக் குழாய்த் தண்ணீர் வாங்குவார்கள்.

ஒரு சதுர மீட்டரில் ஒரு மி.மீ. மழை என்றால் ஒரு லிட்டர். 1,500 சதுர மீட்டர் கூரையில் 60 மி.மீ. பெய்தால் 90,000 லிட்டர். பத்தில் ஒரு பங்கு வீணானாலும் 81,000 வந்து சேரும். மேலே 15 செ.மீ. தேங்கும் பள்ளமும் கீழே 60 செ.மீ. மணல் கலந்த மண்ணும் கொண்ட மழைத்தோட்டம், மண்ணின் இடைவெளி ஐந்தில் ஒரு பங்கு என்று வைத்தால், சதுர மீட்டருக்குச் சுமார் 270 லிட்டர் பிடிக்கும். 300 சதுர மீட்டர் இருந்தால் அந்த மழை முழுவதும் அடங்கிவிடும். ஆனால் முதலில் மண் உறிஞ்சும் வேகத்தை அளக்க வேண்டும். குழி வெட்டி நீர் நிரப்பி, அது இறங்கிய பிறகு மீண்டும் நிரப்பி, இரண்டாம் முறை இறங்கும் வேகத்தைக் குறிக்க வேண்டும். மணிக்குச் சுமார் 12 மி.மீ.க்குக் குறைவாக இறங்கினால் அடியில் துளைக்குழாய் வேண்டும். தேங்கிய நீர் 48 மணிக்குள் வடிந்துவிட்டால் கொசு பெருக நேரமில்லை. கட்டடச் சுவருக்கும் பள்ளத்துக்கும் குறைந்தது 3 மீட்டர் இடைவெளி. நிரம்பி வழியும் வாய் எங்கே போய்ச் சேருகிறது என்று வரைபடத்தில் கோடு.

கவர்ச்சியான முன்மாதிரிகள் இரண்டு. ராட்டர்டாமின் பெந்தம்பிளைன் திடல் 2013-இல் முடிந்தது; மழையில்லாத நாளில் விளையாட்டுக் களமாகவும் மழையில் நீர்த்தொட்டியாகவும் இருக்கும் மூன்று பள்ளங்கள், கொள்ளளவு ஏறக்குறைய 17 லட்சம் லிட்டர். மேலே சொன்ன பீஷான் பூங்காவில் 2.7 கி.மீ. நேர்க்கோட்டுக் கான்கிரீட் கால்வாயை 3.2 கி.மீ. வளைந்தோடும் ஆறாக மாற்றி 2012-இல் திறந்தார்கள். கரையைப் பிடித்து நிறுத்தும் செடி, கல், கட்டு முறைகளை முதலில் சிறு நீளத்தில் நட்டுச் சோதித்த பிறகே முழு ஆற்றுக்கும் போனார்கள். இந்தச் சோதனை மனப்பான்மையைத்தான் காப்பியடிக்க வேண்டும், வளைவை அல்ல.

நிலமட்டமும் இதே வரைபடத்தில் வர வேண்டும். நுழைவாயில் தரை 60 செ.மீ. உயரம் என்றால், 1-க்கு 12 சாய்தளம் 7.2 மீட்டர் நீளமும் இருபுறக் கைப்பிடியும் கேட்கும். பூங்காப் பாதையையே 1-க்கு 20 சரிவில் 12 மீட்டர் மெல்ல உயர்த்திக் கொண்டுபோய் வாசலில் சேர்த்தால் தனிச் சாய்தளமே வேண்டாம். சக்கர நாற்காலியும் குழந்தை வண்டியும் முதியவரும் ஒரே வழியில் வருவார்கள். பாஸ்டன் நகர மன்றத்தின் முன்னிருந்த செங்கல் திடல் படிகளும் வெயிலும் காற்றுமாக அரை நூற்றாண்டுக்கும் மேல் ஆளில்லாமல் கிடந்தது. 2022-இல் முடிந்த புதுப்பிப்பில் மரங்களும் சாய்வு நடைவழியும் வந்த பிறகுதான் அது மக்களுடைய இடமானது.

கட்டடத்தின் உள்ளே

இங்கே சேவை தருபவர்கள் தேர்ந்தவர்கள். கவனிக்க வேண்டியவை சில மட்டுமே.

பதிவறை தரைத் தளத்தில் இருக்கட்டும். சாதாரண அலுவலகத் தளம் சதுர மீட்டருக்குச் சுமார் 250 கிலோ தாங்குமாறு கணக்கிடப்படுகிறது. தண்டவாளத்தில் நகரும் அலமாரிகளில் காகிதம் நிறைந்தால் அதைப்போல மூன்று நான்கு மடங்கு. மாடியில் வைத்துவிட்டுப் பிறகு அலமாரி வாங்கினால் தளம் வளையும். அதற்காக அடித்தளத்துக்கும் போகக் கூடாது. மின்பலகை, சேவையகம், ஜெனரேட்டருக்கு எரிபொருள் ஏற்றும் பம்பு ஆகியவற்றையும் அடித்தளத்தில் வைக்கக் கூடாது. 2012-இல் சாண்டி புயல் வந்தபோது நியூயார்க்கின் பெல்வியூ மருத்துவமனையில் ஜெனரேட்டர் மேல் மாடியில் பத்திரமாக இருந்தது. எரிபொருளை மேலேற்றும் பம்பு அடித்தளத்தில் மூழ்கியதால் நோயாளிகளை வெளியேற்ற வேண்டியதாயிற்று. ஒரு பேரிடர் நாளில் ஊர் ஓடி வருவது நகராட்சிக் கட்டடத்துக்குத்தான்.

மக்கள் அடிக்கடி வந்துபோகும் சாளரங்கள் எல்லாம் வாசலிலிருந்து கண்ணுக்குத் தெரியும்படி தரைத் தளத்தில் அமைய வேண்டும். ஒவ்வொரு வகைச் சாளரத்திலும் ஒரு பகுதியாவது 750 முதல் 850 மி.மீ. உயரத்தில், கீழே முழங்கால் நுழைய 700 மி.மீ. இடைவெளியோடு இருக்க வேண்டும். மன்றக் கூடத்தில் எதிரொலி ஒரு விநாடிக்குள் அடங்க வேண்டும். கண்ணாடிச் சுவரும் பளிங்குத் தரையுமாக வரைந்து காட்டினால், பின்வரிசையில் உட்காருபவருக்குத் தீர்மானம் காதில் விழாது.

வெளிச்சுவருக்கும் சன்னலுக்கும் முழு அளவு மாதிரி ஒன்றை முதலில் கட்டச் சொல்லி, அதன் மேல் தண்ணீர் பீய்ச்சிக் கசிவு பாருங்கள். மாதிரியில் கண்டுபிடிக்கும் ஒரு கசிவு, நூறு சன்னல்களில் வரவிருந்த கசிவு.

பழைய கட்டடத்திலிருந்து ஒன்றையாவது எடுத்து வையுங்கள். சுரங்கத்தால் நிலம் தாழ்ந்து ஊரையே நகர்த்த வேண்டியிருந்த சுவீடனின் கிருனாவில், 2018-இல் திறந்த புதிய நகர மன்றத்துக்குப் பக்கத்தில் பழைய மன்றத்தின் மணிக்கூண்டைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். இடிப்பு ஆணைக்கு முன் அப்படி எடுக்க வேண்டியவற்றின் பட்டியல் தயாராக இல்லையென்றால் எல்லாம் பழைய இரும்போடு போய்விடும்.

பூங்காவில் மனிதர்

நியூயார்க்கின் பிரையன்ட் பூங்கா 1992-இல் மீண்டும் திறந்தபோது செய்த மாற்றங்களில் பெரிய கட்டுமானம் குறைவு. பார்வையை மறைத்த வேலிகளையும் புதர்களையும் எடுத்தார்கள், வாயில்களைக் கூட்டினார்கள், எங்கே வேண்டுமானாலும் இழுத்துப் போட்டு உட்காரும் நாற்காலிகளை வைத்தார்கள். அதன் புல்வெளிக்குக் கீழே இரண்டு அடுக்கு நூலகக் கிடங்கு இருக்கிறது என்பது மேலே உட்காருபவருக்குத் தெரியாது. வாகன நிறுத்தத்தைப் பூங்காவுக்கு அடியில் போடலாம் என்று உங்கள் நிறுவனமும் சொல்லக்கூடும். சொன்னால், மண் போடுமுன் நீர்த்தடுப்புப் படலத்தின் மேல் தண்ணீர் கட்டி 48 மணி நேரம் சோதிக்க வேண்டும் என்று எழுதுங்கள். மண் விழுந்த பிறகு கசிவு எங்கே என்று தேடுவது ஆகாத காரியம்.

விளையாட்டுச் சாதனங்களை நிறத்தைப் பார்த்து வாங்குகிறார்கள். பார்க்க வேண்டியது கீழே உள்ள பரப்பை. ஒவ்வொரு சாதனத்தைச் சுற்றியும் 1.8 மீட்டர் தடையற்ற இடம், ஊஞ்சலுக்கு முன்னும் பின்னும் தொங்கும் உயரத்தைப் போல இரு மடங்கு. மரச்சீவல் போட்டால் 30 செ.மீ. ஆழம், அதுவும் காலால் விலகிப்போவதால் மாதம் ஒருமுறை சமன் செய்ய ஆள். சறுக்குமரம் மேற்கு வெயிலைப் பார்க்கக் கூடாது. விளக்கு 4 அல்லது 5 மீட்டர்க் கம்பத்தில், மஞ்சள் சாயலோடு, சீராக. கண் கூசும் ஒரு விளக்கும் அதன் பக்கத்தில் ஓர் இருட்டுப் பள்ளமும் இருந்தால் பெண்கள் அந்தப் பாதையில் வர மாட்டார்கள்.

காகிதத்தில் என்ன இருக்க வேண்டும்

கட்டடத்தில் செலவு ஏறும்போதெல்லாம் முதலில் வெட்டுவது பூங்காவை. எனவே பூங்காவின் தொகை தனி அட்டவணையில், மன்றத்தின் எழுத்துப்பூர்வ ஒப்புதல் இல்லாமல் ஒரு தலைப்பிலிருந்து இன்னொன்றுக்கு மாற்ற முடியாதபடி இருக்க வேண்டும். மண்ணுக்கடியில் என்ன இருக்கும் என்று தெரியாத வேலைகளுக்கு, அதாவது பழைய மலக்குழி, கைவிட்ட கிணறு, குறிக்காத கேபிள் ஆகியவற்றுக்கு, அலகு விலையை முன்பே வாங்கி வையுங்கள். தோண்டியபின் பேரம் பேசும் பலம் ஊரிடம் இருக்காது.

கட்டடத்துக்கு ஓராண்டுக் குறைநீக்கக் காலம் வழக்கம். செடிகளுக்கு இரண்டு முதல் மூன்று ஆண்டு கேளுங்கள். அதில் நீர் பாய்ச்சுவது, களையெடுப்பது, கட்டுக் கம்பைத் தளர்த்துவது, செத்ததை மாற்றி நடுவது நான்கும் பெயர் சொல்லி இருக்கட்டும். மாற்றி நட்ட கன்றுக்குக் காலம் மறுபடி முதலிலிருந்து எண்ணப்பட வேண்டும்.

ஒப்படைக்கும் நாளில் வாங்க வேண்டியவை: கட்டியபடியே வரைந்த படங்கள், புதைத்த குழாய் கேபிள் எல்லாவற்றுக்கும் ஆழமும் இடமும், மண் மூடுமுன் எடுத்த புகைப்படங்கள், ஒவ்வொரு வால்வுக்கும் எண், ஜெனரேட்டரை முழுச் சுமையில் ஓட்டிய சோதனைப் பதிவு, அதே தொகுதியில் செய்த தரை ஓடும் சுவர் ஓடும் கூடுதலாகச் சில பெட்டிகள், பராமரிப்பு ஊழியர்களுக்கு நேரடிப் பயிற்சி. பயிற்சியை ஒருமுறை திறப்பின்போதும், இன்னொரு முறை பருவம் மாறிய பிறகும் வைக்க வேண்டும். வெயிலில் கற்றுக்கொண்ட வடிகால் பாடம் மழையில் உதவாது. இந்தப் பட்டியல் முழுமையாகக் கைக்கு வரும்வரை, ஒப்பந்தக்காரருக்குத் தராமல் பிடித்து வைத்திருக்கும் தொகையின் முதல் பாதியைக்கூட விடாதீர்கள். சேவை நிறுவனத்தின் ஆட்கள் அடுத்த ஊர் வேலைக்குப் போய்விட்டால், நீர்ப்பாசனக் குழாயின் வால்வு எந்தப் புதருக்கடியில் இருக்கிறது என்று சொல்லத் தோட்டக்காரருக்கு அந்த வரைபடம் ஒன்றுதான் துணை.